அட்டைக்கு விலை எங்கிருந்து வருகிறது? வேலூரில் ஸ்போர்ட்ஸ் கார்டு கடை போட நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஆகஸ்ட் 2025ல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஒரே ஒரு கூடைப்பந்துக் கார்டை, அதாவது வீரர் படம் போட்ட அட்டையை, 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் சுமார் 113 கோடி ரூபாய். மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்திட்ட கார்டு அது. இருவருடைய சட்டையிலிருந்தும் வெட்டியெடுத்த என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சின்னத் துணி அதில் பதிக்கப்பட்டிருந்தது. அப்படி ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது.

இப்படியொரு செய்தி வந்ததும் நம் பக்கத்தில் மூன்று கேள்விகள் கிளம்பும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ட்ரம்ப் கார்டுக்கு விலை இருக்கிறதா? இதில் பணம் போட்டால் பெருகுமா? காட்பாடியிலோ சாரதி மாளிகைப் பக்கமோ ஒரு கார்டு கடை போட்டால் ஓடுமா?

முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்: அநேகமாக இல்லை. டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்தி பலருக்கு நினைவிருக்கும். பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே ஆகஸ்ட் 2021ல் எச்சரிக்க வேண்டியிருந்தது. அதே தூண்டில் இப்போது கார்டு வடிவத்தில் வருகிறது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேட, ஒரு அட்டைக்கு விலை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிகரெட் பாக்கெட்டிலிருந்து வந்த அட்டை

1880களில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பாக்கெட்டில் வந்தது. சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை செருகினார்கள். அதில் விளையாட்டு வீரர் படத்தை அச்சடித்தால் விற்பனை கூடும் என்று ஆலன் அண்ட் ஜின்டர் போன்ற நிறுவனங்கள் கண்டுகொண்டன. இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896ல் 50 கிரிக்கெட் வீரர்களின் படங்களை ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது.

சிகரெட்டின் இடத்தைப் பின்னால் சூயிங்கம் பிடித்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1938ல் தொடங்கிய டாப்ஸ், கம்மோடு பேஸ்பால் கார்டு வைத்து விற்றது. முன்பக்கம் வீரர் படம், பின்பக்கம் அவருடைய புள்ளிவிவரம் என்று இன்று நாம் பார்க்கும் அமைப்பை அதன் 1952 தொகுப்பு நிலைநிறுத்தியது. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்ற அளவு 1957ல் வந்தது. இன்றும் அதுதான்.

நம் ஊரில் ட்ரம்ப் கார்டு வந்தது. ஐபிஎல் காலத்தில் டாப்ஸின் கிரிக்கெட் அட்டாக்ஸ் வந்தது. இரண்டுமே முதலில் விளையாடுவதற்காகப் பிறந்தவை. பள்ளிக்கூடத் திண்ணையில் கைமாறி, மூலை மடங்கி, ரப்பர் பேண்ட் தழும்போடு இருப்பதுதான் அவற்றின் இயல்பு. எவ்வளவு அச்சாயின என்பதற்கும் பெரும்பாலும் கணக்கில்லை.

குடியாத்தம் தீப்பெட்டியும் வாக்னர் கார்டும்

குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் போன ஊர். தீப்பெட்டிப் படம் சேர்க்காத பிள்ளைகள் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் குறைவு. படத்துக்குப் படம் மாற்றிக்கொள்வார்கள், சிகரெட் அட்டைக்கு மதிப்பெண் வைத்துக் கல் எறிந்து விளையாடுவார்கள். அமெரிக்கப் பையன்கள் 1910ல் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். அவர்கள் கையிலிருந்த அட்டைகளில் ஒன்று ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரருடையது. அதன் ஒரு பிரதி 2022ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. குடியாத்தத்தில் அச்சான அபூர்வமான ஒரு லேபிள் இன்று எங்கே போய் விலை கேட்கும்?

இரண்டும் ஏதோ ஒரு பொருளோடு இலவசமாக வந்த காகிதம். இரண்டும் குப்பைக்குப் போனவை, அதனாலேயே அபூர்வமானவை. வித்தியாசம் காகிதத்தில் இல்லை. அதைச் சுற்றி மனிதர்கள் கட்டிய ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு நான்கு கால்கள்.

1. பட்டியல். ஜெஃபர்சன் பர்டிக் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் நாட்டில் வந்த அட்டைகளையெல்லாம் வகை பிரித்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு குறியீடு கொடுத்தார். வாக்னர் கார்டு இருக்கும் தொகுப்பின் பெயர் டி206. அந்த 'டி' புகையிலையைக் குறிக்கிறது. அவருடைய பெரும் சேகரிப்பு இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எத்தனை கார்டு உண்டு, எது நம்மிடம் இல்லை என்று தெரிந்தால்தான் தேடல் பிறக்கும். தேடல் இருந்தால்தான் விலை.

2. எண்ணிக்கை. வாக்னர் கார்டில் சுமார் 60 மட்டுமே மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. குழந்தைகள் புகையிலை வாங்கத் தன் படம் காரணமாகக்கூடாது என்று வாக்னர் தடுத்தார் என்பார்கள். தனக்குப் பணம் தராததால் தடுத்தார் என்றும் சொல்வார்கள். எப்படியோ, அச்சு பாதியில் நின்றது. அபூர்வம் என்பதை வாயால் சொல்லாமல் எண்ணிச் சொல்ல முடிந்தது.

3. நடுவர். இந்தக் கார்டு அசல்தானா, எந்த நிலையில் இருக்கிறது என்று வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் ஆள் சொல்ல வேண்டும்.

4. வாங்குபவர் கூட்டம். ஒருவர் ஆசைப்பட்டால் அது பொழுதுபோக்கு. நூறு பேர் ஒரே கார்டுக்கு ஆசைப்பட்டு, அவர்கள் கடைசியாகக் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரிந்தால் அது சந்தை.

நான்காவதை நம் ஊர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய வழக்கம் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. கார்டுச் சந்தை இதற்கு நேர் எதிர். ஈபே போன்ற தளங்களில் எது எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்று யாரும் பார்க்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்துவிட்டு அதையே சந்தை விலை என்று நம்பிவிடுகிறார்கள். கேட்பதற்கு யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்த விலை மட்டும்தான் விலை.

கிரேடிங்: கண்ணால் போடும் ஹால்மார்க்

நகைக் கடையில் 916 முத்திரை பார்த்து வாங்குகிறோம் அல்லவா? கார்டு உலகில் அந்த வேலையைச் செய்வது கிரேடிங் நிறுவனங்கள். 1991ல் தொடங்கிய பி.எஸ்.ஏ., அதற்குப் பின் வந்த எஸ்.ஜி.சி., பெக்கெட் ஆகியவை முக்கியமானவை. கார்டை அனுப்பினால் அசல்தானா என்று சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, எண் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். மூடிய உறைக்கு ஸ்லாப் என்று பெயர்.

பார்ப்பது நான்கு விஷயம்: படம் ஓரங்களுக்கு நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நான்கு மூலையும் கூராக இருக்கின்றனவா, விளிம்பு பிசிறில்லாமல் இருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ அழுக்கோ இருக்கிறதா. ஒரே கார்டு 9 வாங்கினால் ஒரு விலை, 10 வாங்கினால் அதைப் போலப் பல மடங்கு என்பது சாதாரணம்.

தங்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தங்கத்தின் தரத்தைக் கருவி அளக்கிறது. இன்று அளந்தாலும் நாளை அளந்தாலும் அதே எண்தான் வரும். கார்டில் கடைசித் தீர்ப்பு மனிதக் கண்ணுடையது. 9 வாங்கிய கார்டை உறையை உடைத்து மறுபடி அனுப்பி 10 வாங்கியவர்கள் இருக்கிறார்கள். குறைந்து வந்து நொந்தவர்களும் இருக்கிறார்கள்.

நடுவரையே ஏமாற்றிய கதைக்கும் வாக்னர் கார்டுதான் உதாரணம். பி.எஸ்.ஏ. முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டு ஒரு வாக்னர், கொடுத்தது 8. அவ்வளவு பழைய அட்டைக்கு அது நம்ப முடியாத மதிப்பெண். அதை ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991ல் 4,51,000 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். பல கை மாறி 2007ல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் கார்டை ஆரம்பத்தில் விற்ற வியாபாரி பில் மாஸ்ட்ரோ, தன் ஏல நிறுவனத்தின் மோசடிகளுக்காக வழக்கில் சிக்கி 2013ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்போதுதான் அந்த வாக்னர் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு மதிப்பெண்ணே போடக்கூடாது என்பது விதி.

ஒரு சிறு கடைக்காரருக்கு இதில் உள்ள பாடம் கைவேலைப் பாடம். மூன்று சோதனைகளை எந்தக் கடையிலும் செய்யலாம்.

1. அளவுகோல். சந்தேகக் கார்டை அதே தொகுப்பின் இன்னொரு சாதாரணக் கார்டின் மேல் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் தெரியும்.

2. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டும் பத்து மடங்கு லென்ஸ். அசல் கார்டில் சின்ன எழுத்துகள் பெரும்பாலும் திட்டமான மையில் இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

3. ஸ்லாப்பில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே வரும் விவரமும் கையில் இருக்கும் கார்டும் ஒத்துப்போக வேண்டும். எண் சரியாக இருந்து உறை போலியாக இருப்பதும் நடக்கிறது. அதனால் தளத்தில் படம் இருந்தால் மூலை மூலையாக ஒப்பிட வேண்டும்.

நான்கைந்து சொற்கள்

ஒரு வீரரின் முதல் பருவத்தில் வரும் கார்டு ரூக்கி கார்டு. அவர் பெரிய ஆளானால் எல்லோரும் தேடுவது இதைத்தான். தொகுப்பின் சாதாரணக் கார்டு பேஸ். அதே படம் வேறு நிறத்தில், குறைவான எண்ணிக்கையில் வந்தால் பேரலல். அதன் மேல் 25/99 என்று இருந்தால் 99ல் 25ஆவது என்று பொருள். வீரர் கையெழுத்துப் போட்டது ஆட்டோ. சட்டைத் துணி பதித்தது பேட்ச். பிரிக்காமல் முத்திரையோடு இருப்பது சீல்டு, பிரித்துத் தனியாக விற்பது சிங்கிள். கடை நடத்துபவருக்குக் கடைசி இரண்டு சொற்கள்தான் மிக முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.

அச்சடித்துத் தள்ளிய காலமும் 2021ம்

பணம் போட்டால் பெருகுமா என்ற கேள்விக்கு வரலாறு இரண்டு பதில்கள் வைத்திருக்கிறது.

1952 டாப்ஸ் தொகுப்பில் மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு இருக்கிறது. அந்தத் தொகுப்பு முழுதாக விற்கவில்லை. கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பெட்டிகளை 1960ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக, அதை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். மிஞ்சியவற்றில் அருமையான நிலையிலிருந்த ஒரு மேன்டில் கார்டை ஒருவர் 1991ல் 50,000 டாலருக்கு வாங்கினார். அது ஆகஸ்ட் 2022ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது.

பழைய கார்டுகள் விலையேறுவதைக் கேட்டுத்தான் 1980களின் பிற்பாதியில் அமெரிக்காவில் கார்டுப் பித்து பிடித்தது. அப்பாக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு என்று பூட்டி வைத்தார்கள். நிறுவனங்கள் கிராக்கிக்கு ஏற்ப அச்சடித்துக்கொண்டே போயின. பழைய கார்டு விலையேறியதற்குக் காரணம் மக்கள் அதைத் தூக்கி எறிந்தது. புதிய கார்டை யாருமே எறியவில்லை. 1994ல் பேஸ்பால் வீரர்களின் வேலைநிறுத்தம் வந்து ரசிகர்கள் விலகியதும் எல்லாம் சரிந்தது. அந்தக் காலப் பெட்டிகளில் பல இன்றும் முத்திரை பிரியாமல், வாங்கிய விலைக்குக்கூடப் போகாமல் கிடக்கின்றன.

இரண்டாவது பதில் கொரோனா காலத்துடையது. வீட்டில் அடைந்திருந்தவர்கள் கார்டுக்குத் திரும்பினார்கள். பி.எஸ்.ஏ.வில் கார்டுகள் மலையாகக் குவிந்து, மார்ச் 2021ல் பெரும்பாலான சேவைகளை அது நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஜோர்டனுக்கு ஃப்ளீர் நிறுவனம் 1986ல் போட்ட ரூக்கி கார்டு, மதிப்பெண் 10, ஜனவரி 2021ல் 7,38,000 டாலருக்கு விற்றது. அடுத்த சில மாதங்களிலேயே அதே கார்டு, அதே மதிப்பெண், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. அதே ஜோர்டன், அதே அட்டைதான். குறைந்தது வாங்குபவர் கூட்டம்.

2022ல் வேலூர், காட்பாடி, ஆரணி வட்டாரத்தில் மாதாமாதம் பெரிய வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களில் பணம் போட்டு எத்தனை குடும்பங்கள் இழந்தன என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்டு வட்டி தராது, வாடகை தராது. இன்னொருவர் கூடுதலாகக் கொடுத்தால்தான் காசு. எனவே, யாராவது "கார்டு ஃபண்ட்" என்று சொல்லிப் பணம் வசூலிக்க வந்தால் விலகி நில்லுங்கள்.

பாக்கெட் பிரிப்பதன் கணக்கு

உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாமல் பாக்கெட் பிரிக்கும் சுகத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு பிரிக்க வேண்டும். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

ஒரு பெட்டி 12,000 ரூபாய். உள்ளே 200 கார்டு.

1. 185 பேஸ் கார்டு, தலா 5 ரூபாய்: 925.

2. 12 பேரலல், தலா 150 ரூபாய்: 1,800.

3. 2 சிறப்புக் கார்டு, தலா 400 ரூபாய்: 800.

4. சுமாரான வீரரின் ஆட்டோ ஒன்று: 1,500.

மொத்தம் 5,025 ரூபாய். சரி, பெரிய கார்டு வந்தால்? ஐம்பது பெட்டிக்கு ஒன்றில் ஒரு லட்ச ரூபாய் கார்டு இருக்கிறது என்று வைத்தால், சராசரியாகப் பெட்டிக்கு 2,000 சேரும். அப்போதும் 7,025தான். 185 பேஸ் கார்டையும் ஒன்று விடாமல் விற்க முடியும் என்று வேறு இதில் எடுத்துக்கொண்டிருக்கிறோம், அது நடக்காது. மொத்த வியாபாரி கடைக்குக் கொடுக்கும் விலையில் கழிவு (தள்ளுபடி) இருப்பதால் கடைக்காரர் பிரித்தால் நட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடை போட்டவர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே பிரிக்க ஆரம்பிப்பது இந்தத் தொழிலில் முதல் ஆபத்து.

கடைக்கு வருவோம்

வேலூரின் பலம், வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் ஊர் என்பது. விஐடியில் நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் படிக்கிறார்கள். கால்பந்து, என்பிஏ, போகிமான் என்று பழகியவர்கள் அவர்களில் உண்டு. பலவீனம், மே மாதம் கல்லூரி காலியானால் அந்த வியாபாரமும் காலி. உள்ளூர்ப் பிள்ளைகளும் கிரிக்கெட்டும் இல்லாமல் பன்னிரண்டு மாத வாடகை வராது.

கடையின் வருமானம் எங்கிருந்து வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. சீல்டு பாக்கெட். இந்தியாவில் பொட்டலமாக விற்கும் பொருளில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும், அதற்கு மேல் விற்கக்கூடாது. இறக்குமதிப் பெட்டியிலும் இறக்குமதியாளர் பெயரும் அந்த விலையும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பெட்டிக்குத் திடீர்க் கிராக்கி வந்தால் அங்குள்ள கடைக்காரர் விலையை ஏற்றுவார். இங்கே ஸ்டிக்கரில் இருப்பதைத் தாண்ட முடியாது. எனவே லாபம் கழிவு அளவோடு நின்றுவிடும். ஸ்டிக்கரே இல்லாமல் யாரோ பையில் கொண்டுவந்த பெட்டியை விற்பது வம்பை விலைக்கு வாங்குவது.

2. சிங்கிள். கடை நிற்பது இதன் மேல்தான். பிரித்த கார்டுக்கு அச்சிட்ட விலை கிடையாது, சந்தை விலைதான். ஒருவர் தன் கார்டை விற்க வந்தால் கடை பாதியிலிருந்து முக்கால் விலைக்குள் வாங்கும். விற்க வந்தவருக்கு இது அநியாயமாகத் தோன்றும், நியாயம் இதுதான்: ஆயிரம் ரூபாய் கார்டை 600க்கு வாங்கினால், அது எத்தனை மாதம் கண்ணாடிக்குள் இருக்கும் என்று தெரியாது, இடையில் வீரருக்குக் காயம் பட்டால் விலை 400 ஆகும், கடைசியில் வாங்குபவரும் பேரம் பேசி 900தான் கொடுப்பார். இந்த விளக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் கடையை வாடிக்கையாளர் நம்புவார்.

3. உறை, டாப்லோடர் (கார்டைச் செருகி வைக்கும் கெட்டி பிளாஸ்டிக் உறை), ஆல்பம். சின்னக் காசு, ஆனால் வாரம் தவறாத காசு. கார்டு விலை சரிந்தாலும் இதன் விலை சரியாது. சேகரிப்பவர் மறுபடி மறுபடி கடைக்கு வரும் காரணமும் இதுதான்.

4. கிரேடிங்குக்கு அனுப்பித் தருவது. பத்துப் பேரின் கார்டைச் சேர்த்து அனுப்பினால் கூரியர்ச் செலவு பிரியும். ஆனால் அடுத்தவர் பொருள் கடல் தாண்டிப் போய் வருகிறது. அனுப்பும் முன் முன்பின் இரண்டு பக்கமும் படமெடுத்து, நிலையை எழுதி, கையெழுத்து வாங்கி, இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்று பேசி முடிக்காமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

வரி விஷயம் ஒன்று பலர் கவனிப்பதில்லை. பொருள் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் மாநிலம் தாண்டிச் சரக்கு அனுப்பினால் அந்த வரம்பு செல்லாது. வேலூரிலிருந்து சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர்தான், 1911 வரை அது வடார்க்காட்டுக்குள்தான் இருந்தது. இன்று அங்கே கூரியரில் ஒரு கார்டு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. தனிநபர்களிடம் வாங்கிய பழைய பொருளை விற்பவர், உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காதவரை, முழு விலைக்குப் பதிலாக லாபத்தின் மேல் மட்டும் ஜிஎஸ்டி கட்ட விதியில் இடமிருக்கிறது. சிங்கிள் வியாபாரத்துக்கு இது உயிர்நாடி. முதல் நாளே ஆடிட்டரிடம் பேசி, கொள்முதல் ரசீதை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயிலும் லேமினேஷனும்

பளபளப்பான குரோம் வகைக் கார்டு, காகிதமும் பிளாஸ்டிக் படலமும் ஒட்டிய பொருள். ஈரம் பட்டால் காகிதம் விரியும், வறண்டால் சுருங்கும், படலம் அசையாது. அதனால் கார்டு வில்லாக வளையும். அக்னி நட்சத்திர வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறும் வேலூருக்கு இது தினசரிப் பிரச்சினை. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெயில் படாத அலமாரியில், சுவரோடு ஒட்டாமல் வைக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டி தெருவைப் பார்த்து இருந்தால் சாயம் வெளுக்கும், முக்கியமாகப் பேனாக் கையெழுத்து. விலை மலிவான பிவிசி உறை நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் என்று எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்வது நமக்குப் பழக்கம். கார்டை லேமினேட் செய்தால் அன்றோடு அதன் சந்தை மதிப்பு முடிந்தது. பசையும் சூடும் மேற்பரப்பில் இறங்கிவிடும், பிரிக்க முடியாது. பிள்ளை ஆசையாகச் சேர்த்ததைப் பெற்றோர் நல்லெண்ணத்தில் இப்படிச் செய்துவிடுகிறார்கள். கடையில் ஒரு பலகை வைத்தாவது தடுக்க வேண்டும்.

பிரேக், டிஜிட்டல் கார்டு, சட்டம்

பிரேக் என்பது நேரலையில் பெட்டி பிரிப்பது. ஒவ்வொருவரும் ஒரு அணிக்குப் பணம் கட்டுவார்கள். அந்த அணிக்காரரின் கார்டு வந்தால் அவருக்கு. எந்த அணி என்று அவரே தேர்ந்தெடுத்து வாங்குவது ஒரு வகை. பணம் வாங்கிய பிறகு சீட்டுக் குலுக்கி அணியைக் கொடுப்பது இன்னொரு வகை, அது குலுக்கல் பரிசுக்கு மிக அருகில் வருகிறது. தமிழ்நாடு 2003லேயே லாட்டரியைத் தடை செய்த மாநிலம். அதனால் என்னென்ன குடும்பங்கள் மீண்டன என்று பீடித் தொழிலாளர் வீடுகள் நிறைந்த இந்த மாவட்டத்துக்குத் தெரியும். இரண்டாம் வகை பிரேக்கைக் கடையில் நடத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளிச் சீருடையில் வருபவருக்குப் பாக்கெட் எண்ணிக்கையில் வரம்பு வைப்பதும் அப்படித்தான். சட்டம் கேட்காவிட்டாலும் கடை செய்ய வேண்டும்.

என்எஃப்டி வடிவ டிஜிட்டல் கார்டு, அதாவது அட்டையே இல்லாமல் இணையப் பதிவாக மட்டும் விற்கும் கார்டு, வேறு வகை. அதில் வரும் லாபத்துக்கு ஏப்ரல் 2022 முதல் 30 சதவீத வருமான வரி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அட்டைக் கடைக்காரர் இதில் இறங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

யாருக்குக் கார்டு வருகிறது?

அணிச் சின்னத்தை அச்சிட லீக்கின் உரிமம் வேண்டும், வீரர் பெயரையும் படத்தையும் அச்சிட வீரர்கள் சங்கத்தின் உரிமம் வேண்டும். உரிமம் கைமாறினால் சந்தையே இடம் மாறும். ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் ஜனவரி 2022ல் டாப்ஸை வாங்கியது. பல ஆண்டுகளாக பனினி என்ற போட்டி நிறுவனத்தின் கையில் இருந்த என்பிஏ கார்டும், இங்கிலாந்து பிரீமியர் லீக் கார்டும் 2025-26 பருவத்திலிருந்து டாப்ஸுக்குப் போயின. பழைய நிறுவனத்தின் பெட்டிகளைக் குவித்து வைத்திருக்கும் கடைகள் இப்படிப்பட்ட செய்தியை மாதக்கணக்கில் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

உரிமம் பெரிய லீக்குகளைச் சுற்றியே ஓடுவதால் சில பேர் விடுபட்டுப்போகிறார்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். பளுதூக்குதலுக்குப் பாக்கெட் போட எந்தப் பெரிய நிறுவனமும் வரிசையில் நிற்கவில்லை. சத்துவாச்சாரிப் பையன் கையில் நியூயார்க் வீரரின் ரூக்கி கார்டு இருக்கிறது, அவன் தெருவில் பயிற்சி எடுத்தவரின் கார்டு இல்லை.

இதை உள்ளூர்க் கடை ஒன்று செய்யலாம். பழைய வடார்க்காட்டு மாவட்டங்களின் பளுதூக்கும் வீரர்கள், கபடி, கைப்பந்து ஆட்டக்காரர்கள் என்று 30 பேர். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம், வயது குறைந்தவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து, விற்பனையில் ஒரு பங்கு, படம் எடுத்தவரின் அனுமதி. போட்டி அமைப்புகளின் சின்னத்தை அனுமதியில்லாமல் போடக்கூடாது. சாதாரணப் பயிற்சி உடையில் படமெடுத்தால் போதும். ஆஃப்செட்டில் 300 தொகுப்பு அச்சடிப்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு கார்டின் பின்பக்கமும் நான்கு விவரம் கட்டாயம் வேண்டும்: வீரர் பெயரும் ஊரும், அச்சான ஆண்டு, தொகுப்பில் இது எத்தனையாவது கார்டு, மொத்தம் எத்தனை அச்சாயின. குடியாத்தம் லேபிள்களில் யாரும் எழுதிவைக்காமல் விட்டது இந்தக் கடைசி இரண்டைத்தான்.